இலைக்கார நிர்மலாக்காவின் பிக்கப்

எங்கள் சாப்பாட்டுக் கடை மலாக்கா டவுனில் இருக்கிறது. மத்தியானத்தில் வந்தால் உட்கார இடம் கிடைக்காது. வாழையிலையில்தான் பரிமாறுவோம். தட்டுதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் தட்டின் மேல் ஓர் இலைத் துண்டைப் போட்டுத்தான் கொடுப்போம். அந்த இலை முழுவதும் பக்கத்து அலோர் காஜா வட்டாரத்திலிருந்து வருகிறது. கொண்டுவருபவர் நிர்மலாதேவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் நிர்மலாக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நிர்மலாக்கா லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில், தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, பொடிப்பொடிச் சாமான்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பல வருஷம் அதைச் செய்தார். பிறகு ஒருநாள், வெயிலே படாமல் வயசாகிவிடும் போலிருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டார். கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமங்களில், வீடுகளின் பின்புறங்களில் சும்மா கிழிந்துகொண்டிருந்த வாழையிலையை அறுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, கடை கடையாகப் போட ஆரம்பித்தார். வியாபாரம் வளர்ந்தது. பழைய பிக்கப் ஒன்று வாங்கினார். ஆட்டோ கியர் வண்டி. அவருடைய கணவர் சேகரனுக்குக் கிளட்ச் வண்டி ஓட்ட வராது என்பதற்காக அப்படிப் பார்த்து வாங்கினார்கள். ஆனால் அவரை ஓட்டவிட்டதே இல்லை. சாவி எப்போதும் நிர்மலாக்காவின் இடுப்பில்தான்.

வண்டி ஓட்டுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஹாரன் சத்தத்தை வைத்தே எங்கள் சமையல்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு இலை இறக்க ஓடுவார். வண்டியைக் கடைச் சந்துக்குள் பின்பக்கமாக ஒரே ஏற்றில் ஏற்றி, கதவைத் திறந்து குதித்து, "மோகனா, இன்னிக்கி நுனி இலை நெறைய இருக்கு, பாரு" என்பார். மோகனா என்பது நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை இலை அறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய கால்கள் மரத்துப்போயின. குந்தி உட்கார்ந்ததால்தான் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுநாளுக்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதுகுத்தண்டின் நரம்பில் வீக்கம் என்றார்கள் மருத்துவமனையில். எதனால் வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றார்கள். மருந்தில் வீக்கம் வடிந்தது. கால்களில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது. பலம் திரும்பவில்லை.

அந்த நாட்களிலும் இலை வருவது நிற்கவில்லை. சேகரண்ணன் தான் வேலை செய்த தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டு, பகலில் பிக்கப்பை ஓட்டினார். ஓட்டினார் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் வரும்போது நான்கு பக்க விளக்கும் மின்னிக்கொண்டிருக்கும். வண்டிக்குப் பின்னால் லோரிகள் வரிசையாக ஊர்ந்து வரும். எங்கள் சந்துக்குள் நுழையமாட்டார். மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கட்டுகளைத் தோளில் சுமந்து வருவார். சட்டை நனைந்திருக்கும். "வந்துட்டேன்லா" என்று அவர் சொல்லும்போது எங்களுக்கே நிம்மதியாக இருக்கும். படுக்கையில் இருந்தபடியே நிர்மலாக்கா எனக்குப் போன் போட்டு, இலை வாடியிருந்ததா, கிழிந்திருந்ததா என்று விசாரிப்பார். அப்புறம், அண்ணன் பத்திரமாக வந்தாரா என்பார். கடைசியாக, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அதைக் கேட்கும்போதுதான் குரல் மாறும்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுத்தவர் செசிலியா என்ற அம்மா. அவர் எங்கள் கடைக்கும் சாப்பிட வருபவர் என்பதால் இந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: எப்போது நடப்பேன்? நிர்மலாக்கா அதைக் கேட்கவில்லை. எப்போது வண்டி ஓட்டலாம் என்று கேட்டாராம். செசிலியா தன் போனில் ஒரு காணொளியைக் காட்டினார். அதில் ஒருவர் காலை அசைக்காமல் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் எண்ணெய் பாய்ந்து வேகம். ஸ்டியரிங்கின் மேல் ஒரு குமிழ்; ஒற்றைக் கையால் அதைப் பிடித்துச் சக்கரத்தை முழுக்கச் சுற்றலாம்.

"கையால ஓட்டலாம், நிர்மலா. சட்டப்படியே ஓட்டலாம். ஆனா லைசென்ஸ் புதுசா எடுக்கணும், தோள் நல்லா பலமாகணும்" என்றார் செசிலியா.

அன்றிலிருந்து தோள் பயிற்சிக்கு நிர்மலாக்காவை யாரும் கூப்பிடவே தேவையில்லாமல் போயிற்று. மற்றவர்கள் முடித்துப் போன பிறகும் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே இருப்பாராம். போதும் என்று சொல்வதுதான் தன் வேலையாக இருந்தது என்றார் செசிலியா.

கம்பியும் குமிழும் கோலாலம்பூரில் இதற்கென்றே இருக்கும் ஒரு கடையில் மாட்டினார்கள். வாரச் சந்தை போடும் திடல் மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும், அங்கே பழகினார். சேகரண்ணன் திடலின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருப்பார். அவர் எந்தப் பக்கம் காட்டினாலும் நிர்மலாக்கா வேறு பக்கம்தான் போவார். முதல் சில நாள் வண்டி தவளைபோலத் தாவியது. கை தள்ள நினைத்தபோது இழுத்தது, இழுக்க நினைத்தபோது தள்ளியது. பிறகு கை கற்றுக்கொண்டது. தேர்வு நாளில் போக்குவரத்து இலாகா அதிகாரி, ஒரு மலாய்க்காரர், பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டு வந்து, இவ்வளவு மெதுவாக நிறுத்தும் டிரைவரை நான் இந்த மாதத்தில் பார்க்கவில்லை என்று சொன்னாராம். மறுநாள் எங்கள் சந்தில் அந்த ஹாரன் கேட்டது. சமையல்காரர் அடுப்பைக் குறைக்கவில்லை, அணைத்துவிட்டே ஓடினார். நானும் ஓடினேன். நிர்மலாக்கா குதிக்கவில்லை, கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புசாமி அண்ணனின் குன்று மட்டும் பாக்கி இருந்தது.

அப்புசாமி அண்ணன் லூபோக் சீனாவுக்கு அப்பால் ஒரு குன்றின் மடிப்பில் வாழை வைத்திருக்கிறார். மற்ற இடங்களில் காற்று இலையை நார்நாராகக் கிழித்துவிடும். அவருடைய தோட்டத்தைக் குன்று மறைத்துக்கொள்வதால் இலை முழுசாக, பட்டுப்புடவை விரித்ததுபோல் இருக்கும். கல்யாணத்துக்கும் கோயில் விருந்துக்கும் அந்த இலைதான் வேண்டும். ஆனால் பாதை மோசம். தோட்டத்திலிருந்து கிளம்பினால் முதலில் கொஞ்ச தூரம் சேறு. அதில் நின்றால் சக்கரம் புதைந்துவிடும். ஓரளவு வேகமாகவே கடக்க வேண்டும். சேறு முடிந்த இடத்திலேயே பாதை செங்குத்தாக இறங்கி, ஒரு வளைவில் திரும்பும். அந்த இறக்கத்தில் கியரைக் குறைத்தால்தான் இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காலால் ஓட்டிய காலத்தில் நிர்மலாக்காவுக்கு அது விளையாட்டு. இப்போது இடது கை பிரேக் கம்பியில், வலது கை குமிழில். கியர்த் தண்டைத் தொட மூன்றாவது கை இல்லை.

கையால் ஓட்டத் தொடங்கிய பிறகு முதல் முறை தனியாகப் போனபோது, இலைச் சுமையோடு அந்த இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தது. நிர்மலாக்கா கம்பியை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டே இறங்கினார். பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. வளைவைத் தாண்டி, மண்மேட்டில் வண்டியை மெதுவாகச் சாய்த்து நிறுத்திவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை கொஞ்ச நேரத்துக்கு விரல் மடங்காமல் அப்படியே இருந்ததாம்.

அடுத்த முறை சேகரண்ணன் கூட வந்தார். யோசனை அவருடையதுதான்: நீ ஓட்டு, சொல்லும்போது கியரை நான் மாற்றுகிறேன். மேலே வைத்து ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்கள். சேறு தாண்டியது, நிர்மலாக்கா "இறக்குங்க" என்றார். சேகரண்ணன் கியரை இறக்குவதற்குப் பதிலாகத் தண்டைத் தவறான பக்கம் தள்ளிவிட்டார். வண்டி நியூட்ரலுக்குப் போய், பிடி எதுவும் இல்லாமல் வழுக்கத் தொடங்கியது. நிர்மலாக்கா பிரேக் கம்பியைத் தள்ளிப் பிடித்து எப்படியோ நிறுத்தினார். நிர்மலாக்காதான் முதலில் சிரித்தாராம். சிரித்தது நிற்கவே இல்லை. அப்புசாமி அண்ணன் மேலிருந்து ஓடிவந்து பார்த்தபோது, ரெண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் சேகரண்ணன், அந்தக் குன்றை விட்டுவிடலாம் என்றார். மற்ற கம்பங்களில் இலை இல்லையா என்றார். அந்த வாரம் நிர்மலாக்கா எங்கள் கடைக்கு வந்தபோது, முகம் சரியில்லையே என்று கேட்டேன். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னார்.

"ஊரெல்லாம் ஓட்டறேன், ஒரு இடத்துக்கு மட்டும் போகமுடியாதுன்னா, அது என்ன ஓட்டறது மோகனா" என்றார்.

தேய்ந்த பிரேக்கை மாற்ற, ஜாசின் என்ற ஊரில் இருக்கும் தர்ஷனின் பட்டறைக்குப் போனார்கள். தர்ஷன் முப்பது வயதுக்காரர். இளவட்டங்கள் காருக்கு அலங்காரம் செய்ய அவரிடம்தான் வருவார்கள்: தாழ்த்திய ஸ்பிரிங், கலர் விளக்கு, அதிரும் ஸ்பீக்கர். அன்றைக்கு ஒரு சின்ன காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காதுபோல நீண்ட இரண்டு தகடுகளை அவர் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த நிர்மலாக்கா, அது என்ன என்று கேட்டார். பேடல் ஷிஃப்டர், கியர் மாற்றுவது என்றார் தர்ஷன். வலது தகட்டைத் தட்டினால் கியர் ஏறும், இடது தகட்டைத் தட்டினால் இறங்கும். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

நிர்மலாக்கா அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"ஆன்ட்டி, இது சும்மா ஸ்டைலுக்கு லா. ரேஸ் காடி மாதிரி தெரியணும்னு பையனுங்க கேப்பாங்க. பிக்கப்புக்கு யாரும் போடமாட்டாங்க" என்றார் தர்ஷன்.

"எனக்கு ஸ்டைல் வேணாம்னு யாரு சொன்னா" என்றார் நிர்மலாக்கா.

பிறகு குன்றைப் பற்றிச் சொன்னார். தர்ஷன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் பிக்கப்பின் கியர்த் தண்டைப் பார்த்தார். அதில் ஓட்டுபவரே கியரை ஏற்றி இறக்கும் பக்கம் ஒன்று இருந்தது; பழைய வண்டி என்றாலும் அந்த வசதி வேலை செய்தது. அந்தத் தண்டின் ஒயரில் ஒரு சின்னப் பெட்டியை இணைத்துவிட்டால், தகடுகள் ஒயரே இல்லாமல் அந்தப் பெட்டியோடு பேசிக்கொள்ளும் என்றார். ஆனால் காலில்லாமல் ஓட்டும் வண்டியில் இதுவரை கை வைத்ததில்லை என்று தயங்கினார். கோலாலம்பூர்க் கடைக்காரரிடம் போனில் பேசி, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சேகரண்ணன் தன் பங்குக்கு, இதனால் ஏர்பேக் வெடித்துவிடுமா, மழையில் கியர் தானாக மாறிவிடுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தர்ஷன் பொறுமையாகப் பதில் சொன்னார்.

தகடுகள் வந்து மாட்டிய அன்றைக்கு நிர்மலாக்கா உட்கார்ந்து பார்த்தார். வலது கை குமிழில். விரலை நீட்டினால் வலது தகடு எட்டியது; தட்டினார், கியர் ஏறியது. இடது தகடு எட்டவில்லை. இடது கைதான் பிரேக் கம்பியில் இருக்கிறதே. இறக்கத்தில் வேண்டியது இடது தகடு. தர்ஷனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வேலை செய்து, வேண்டிய ஒன்று வேண்டிய இடத்தில் இல்லை. இடது தகட்டுக்கு ஒரு நீளமான வால் செய்து வைக்கலாமா, பிரேக் கம்பியிலேயே ஒரு பொத்தான் வைக்கலாமா என்று அவர் வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

நிர்மலாக்கா இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிடு. எனக்கு ஏத்தற அவசரம் இல்ல. இறக்கத்தான் அவசரம்."

தர்ஷன் சிரித்துவிட்டார். ஒயர் கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வலது தகட்டைக் கழற்றி இடது பக்கம், இடது தகட்டை வலது பக்கம், அவ்வளவுதான். குமிழையும் ஒரு விரல் அகலம் கீழே தள்ளி வைத்தார், சுட்டுவிரல் தானாகத் தகட்டின் மேல் போய் உட்காரும்படி. குமிழும் தகடும் ஸ்டியரிங்கோடு சேர்ந்தே சுற்றுவதால் எவ்வளவு வளைத்தாலும் விரலுக்குத் தகடு எட்டியது. பட்டறையில் கார் அலங்காரத்துக்கு வந்திருந்த இளைஞர்கள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், ஆன்ட்டி, நீங்கதான் ஜாசினிலேயே ஸ்டைல் என்றான். மாற்றிய வண்டியை இலாகாவில் காட்டி, சரி என்று சொன்ன பிறகே நிர்மலாக்கா வெளியே எடுத்தார்.

அந்த மாதம் லூபோக் சீனா பக்கத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. அன்னதானச் சமையல் எங்கள் பொறுப்பு. ஊரே சாப்பிடும் விருந்து. அப்புசாமி அண்ணனின் இலை இல்லாமல் முடியாது. காலையில் பருப்பை அடுப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, நானும் நிர்மலாக்காவோடு கிளம்பினேன். சேகரண்ணன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

தோட்டத்தில் இலைக் கட்டுகளை ஏற்றி, ஈரச் சாக்கைப் போர்த்திக் கட்டினார்கள். அப்புசாமி அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்து, இந்தக் காதெல்லாம் எதற்கு என்று கேட்டார். இறங்கியபின் சொல்கிறேன் என்றார் நிர்மலாக்கா. பிறகு என்னைப் பார்த்து, எதையும் தொடக்கூடாது, சேகரண்ணன் தொட்டுப் பார்த்தது போதும் என்றார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி நின்றிருந்த நிலையிலேயே, வலது கையால் பிரேக் கம்பியைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் கியர்த் தண்டை, ஓட்டுபவரே கியர் மாற்றும் பக்கத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு கைகள் தத்தம் இடத்துக்குப் போயின. கம்பியைத் தன் பக்கம் இழுத்தார். வண்டி சேற்றுக்குள் பாய்ந்தது. சேறு கண்ணாடி வரைக்கும் அடித்தது. பின்சக்கரம் ஒரு பக்கம் வழுக்க, குமிழைச் சின்னதாக ஒரு சுற்று சுற்றி நேராக்கினார். எனக்கு முன்னால் பாதை காணாமல் போயிற்று. இறக்கம் வந்துவிட்டது.

டிக் என்று ஒரு சத்தம். இஞ்சின் உறுமியது. பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுத்ததுபோல் வேகம் தணிந்தது. இன்னொரு டிக். இப்போது வண்டி அடிமேல் அடி வைத்து நடப்பதுபோல இறங்கியது. இடது கை பிரேக் கம்பியின் மேல் சும்மா கிடந்தது, வளைவில் மட்டும் லேசாகத் தள்ளியது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

வளைவைத் தாண்டிச் சமதரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, ஹாரனை நீளமாக அடித்தார். மேலே குன்றின் விளிம்பில் அப்புசாமி அண்ணன் துண்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு நின்றார். சேகரண்ணன் மோட்டாரில் சேறு பூசிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண்ணாடி வழியாகத் தலையை விட்டு, தோள் வலிக்கிறதா என்று கேட்டார்.

"தோளா? விரல்தான்லா வேலை செஞ்சிச்சு" என்று சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார் நிர்மலாக்கா.

சேகரண்ணன் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கோயிலில் இலையை இறக்கியபோது செவ்வாழைத் தாரும் தோரணமுமாக வாசல் நிறைந்திருந்தது. பந்தியில் இலை விரித்தவர்கள், ஒன்றுகூடக் கிழியவில்லை என்று எடுத்துக் காட்டினார்கள். செய்தி எப்படியோ அதற்குள் பரவிவிட்டது. ஆண்களும் பெண்களும் பிக்கப்பைச் சுற்றி நின்று, அந்தத் தகடுகளைத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். இஞ்சினை அணைத்திருக்கும்போதுதான் தட்டலாம் என்று நிர்மலாக்கா அனுமதி கொடுத்தார். பெரிய மனிதர் ஒருவர் இரண்டு தகட்டையும் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததால் ஏமாந்து போனார்.

முதல் பந்தி உட்காரும் நேரத்தில், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடப் போனேன். சக்கர நாற்காலியை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார் சேகரண்ணன். நிர்மலாக்கா இன்னும் ஓட்டும் இடத்திலேயே இருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இலை போதவில்லையா என்று பயந்து கேட்டேன். இலை மிஞ்சியே இருக்கிறது என்றார்.

"பின்ன எங்கக்கா போறீங்க?"

"அப்புசாமி அண்ணன் வீட்டுக்காரங்கள இட்டாரணும்ல, அன்னதானத்துக்கு" என்றார். அப்புசாமி அண்ணனிடம் சொந்தமாக லோரி இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சேகரண்ணன் நாற்காலியை மடித்துப் பின்னால் ஏற்றினார்; தானும் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டி, செம்பனை மரங்களின் வரிசைகளுக்கு நடுவே குன்றைப் பார்த்துக் கிளம்பியது. நான் இரண்டு இலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, அவர்களுக்காக ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன்.